ஓரம் வெளுத்த செடி

காலையில் செடியை வெளியே எடுத்து வைப்பவன் நான். அதை மறுபடி உள்ளே கொண்டுபோகிறவள் என் மனைவி குசுமாவதி. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நாங்கள் இதைச் செய்ததில்லை.

குளித்து முடித்ததும், பேப்பர் வருவதற்கு முன்னால், கூடத்து ஜன்னலடியில் இருக்கும் தொட்டியைத் தூக்கி வாசற்படியில் வைப்பேன். எங்கள் வாசல் கிழக்கு பார்த்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடும் நேரத்தில் அவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வருவாள்.

"வெயில் ஏறிடுச்சி."

என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். செடியைப் பார்த்துத்தான் சொல்வாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நாங்கள் அதிகம் பேசாமலிருந்த ஒரு வருஷத்தில் அவள் குரலில் நான் அதிகமாகக் கேட்டது அதைத்தான்.

செடி எங்களுக்கு வந்தது தற்செயலாக. வேலூரிலிருந்து மாவட்டம் பிரிந்து ஆபீசுகள் ஒவ்வொன்றாகத் திருவண்ணாமலைக்கு வந்தபோது என்னையும் மாற்றினார்கள். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீடு பிடித்தோம். மாடி அறையில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். ஆசிரமத்துக்குப் போவார், வருவார், எங்களைப் பார்த்தால் கும்பிடுவார். அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மார்ச் மாதம் அறையைக் காலி செய்துகொண்டு போகும்போது இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். தண்ணீர் எவ்வளவு என்று சைகையில் கேட்டேன். ஒரு சிட்டிகை உப்பு எடுப்பதுபோல் விரல்களைச் சேர்த்துக் காட்டினார். வெயில்? கையை வாசலுக்கு வெளியே நீட்டினார். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார். சிரித்தார், போய்விட்டார்.

அந்தச் சைகையின் முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதியைக் குசுமாவதி எடுத்துக்கொண்டாள்.

சிவந்த தண்டு. விரல் நகம் அளவுக்கு இலைகள், தடித்தவை, உள்ளே தண்ணீர் சேர்த்து வைத்திருப்பவை. நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பாலாடை நிறம். இளவெயில் பட்டால் அந்த ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதற்குப் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு மணிமொழி "ரெண்டு கலர் செடி" என்றாள். அதுவே நின்றுவிட்டது.

குசுமாவதி ஒரு கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது நான் தொட்டியை வெளியே வைத்தபடியே ஆபீசுக்குப் போய்விட்டேன். எங்கள் சந்தில் மத்தியான வெயில் மேலிருந்து மட்டும் வராது, மலைப் பாறையில் பட்டும் திரும்பி வரும். மாலையில் வந்து பார்த்தால் வெளுத்த ஓரமெல்லாம் பீடி நுனிபோல் கருகியிருந்தது. பச்சை மட்டும் தாக்குப் பிடித்தது. அதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடந்தது. ஒரு ஐப்பசி முழுக்க மழை. செடி உள்ளேயே கிடந்தது. ஜன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டி நீட்டி வளர்ந்தது. தண்டின் அடியிலிருந்து புதுக் கிளை ஒன்று விட்டது. அதில் வெள்ளையே இல்லை. முழுப் பச்சை. மற்ற கிளைகளைவிட வேகமாக வளர்ந்தது.

"அந்தப் பச்சைக் கிளைய வெட்டிடுங்கக்கா," என்றாள் மணிமொழி குசுமாவதியிடம். "எங்கண்ணன் நர்சரி வெச்சிருக்குதில்ல, அது சொல்லிச்சி. வுட்டா அதுவே எல்லாத்தையும் அமுக்கிடுமாம்."

"அது என்னா பாவம் பண்ணுச்சி மணி? பச்சையா இருக்கறது ஒரு தப்பா?"

"தப்பில்லக்கா. ஜாஸ்தி சாப்புடுது."

"சாப்புடட்டும்."

"நல்லா கீதுக்கா ஞாயம். நீங்க ஒரு வேளைதான் சாப்புடுவீங்க, செடிக்கு மட்டும் பந்தி!"

ஒரு வேளை என்று மணிமொழி கேலி செய்தது உண்மைதான். அப்போது குசுமாவதி ஒரு வேளைக்கு வந்துவிட்டிருந்தாள்.

நாங்கள் ஆரணிப் பக்கத்து ஜைனர்கள், நயினார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். கிழங்கு வகை சமைக்க மாட்டோம். என் வரைக்கும் அது பழக்கம். குசுமாவதிக்கு அது பழக்கத்தைவிடப் பெரிதாகிக்கொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் த்ரிசலாவுக்குக் கல்யாணம் முடிந்து அவள் சென்னைக்குக் குடிபோன பிறகு, ஒரு சாயங்காலம் குசுமாவதி என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றாள். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எனக்குத் தீட்சை எடுத்துக்கணும்னு இருக்குது. த்ரிசலாகிட்ட சொல்லிட்டேன். அழுதா, அப்புறம் சரின்னுட்டா. நீங்களும் சரின்னு சொல்லணும்."

தீட்சை என்றால் துறவு. வெள்ளைச் சேலை. காலில் செருப்பில்லை, தலையில் முடியில்லை. வீடென்று ஒன்று கிடையாது. பெண் துறவிகளான மாதாஜிகளோடு ஊர் ஊராக நடை. ஒரு நாளுக்கு ஒரு வேளை, உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிடுவது. எறும்பை விலக்க ஒரு மயிற்பீலி தவிர உடைமை எதுவுமில்லை. கல்யாணமான பெண் அப்படிப் போக வேண்டுமென்றால் புருஷன் சபையில் எல்லார் முன்னாலும் சம்மதம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் மாதாஜி ஏற்றுக்கொள்ள மாட்டார்.

நான் படித்த பக்கத்தையே திரும்பப் படித்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு போனாள். மறுபடி கேட்கவே இல்லை.

எனக்குக் கோபமில்லை. இல்லை என்பது ஒரு சொல், சரி என்பது ஒரு சொல். இரண்டில் எதுவும் தொண்டையிலிருந்து மேலே வரவில்லை. என் மௌனத்தை நான் மறுப்பாக வைத்திருந்தேன். அவள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சந்து நிறையக் கிரிவலக் கூட்டம் போனது. நாங்கள் வீட்டுக்குள் இரண்டு பேர், ஒரு செடி. நான் வெளியே வைத்தேன், அவள் உள்ளே வைத்தாள். அந்த வருஷம்தான் செடி அத்தனை அழகாக இருந்தது. எங்களில் யார் ஒருவர் ஜெயித்திருந்தாலும் அது கெட்டிருக்கும்.

கெட்டது வேறு வழியாக வந்தது.

குடிக்கிற தண்ணீரை நாங்கள் துணியில் வடிகட்டித்தான் எடுப்போம். வடிகட்டியதோடு வேலை முடிவதில்லை. துணியில் தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தண்ணீருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஊரில் கிணற்றில் அலசி விடுவார்கள். இங்கே எங்களுக்குக் குழாய்த் தண்ணீர். அதனால் குசுமாவதி தினம் சந்தைத் தாண்டி மணிமொழி வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த் துணியை அலசிவிட்டு வருவாள். அந்தக் கோடையில் மணிமொழி வீட்டில் போர் போட்டார்கள். கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை வைத்து மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் துணியை எங்கே அலசினாள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஆபீசில் இருக்கும் நேரம் அது.

ஆடி மாதத்தில் ஒரு காலை. தொட்டியைத் தூக்கினேன். கை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வாசற்படியில் வைத்ததும் செடி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. அடித்தண்டைத் தொட்டேன். விரல் உள்ளே போனது. அழுகிய பூசணிக்காயின் வாடை.

"குசுமா."

பெயர் சொல்லி அழைத்து ரொம்ப நாளாகியிருந்தது. கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னாச்சி?"

"வேர் அழுகிடுச்சி."

உட்கார்ந்து மண்ணை அழுத்திப் பார்த்தாள். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. பிறகு தலையைத் திருப்பி, உள்ளே குழாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அவள் பார்வை போன இடத்துக்கு என் பார்வையும் போனது.

"துணி அலசற தண்ணி," என்றாள். "காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ. வேற எங்க விடறது? சாக்கடையில விட்டா அதுங்க செத்துடும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க எப்பவும்தான் ஒண்ணும் சொல்றதில்ல."

கரண்டியைத் தரையில் வைத்தாள். "கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் காப்பாத்தறேன்னு கண்ணுக்கு முன்னால இருக்கறதைக் கொன்னுட்டேன்," என்றாள். அழவில்லை. பிறகு, அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம தம்பி வருவான். மாதாஜிங்க மழைக்காலத்துக்கு ஊர்ல வந்து தங்கியிருக்காங்களாம், உங்க முடிவைக் கேட்டுக்கிட்டுப் போக வரான். நான் வரலைன்னு சொல்லி அனுப்பிடுங்க. எனக்கு அதுக்கு யோக்கியதை இல்ல."

ஒரு சொல்லும் சொல்லாமல் நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது நிஜம். அது இறங்கிய இடம் காலியாக இருந்ததும் நிஜம்.

"மேல் கிளைங்க நல்லாத்தான் இருக்குது. வெட்டி வெச்சிப் பாக்கலாம்," என்றேன்.

"இன்னிக்கு சதுர்த்தசி."

சதுர்த்தசியில் நாங்கள் பச்சையைக் கிள்ள மாட்டோம்.

"நாளைக்குள்ள அழுகல் மேல ஏறிடும் குசுமா."

அவள் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. நானும் பிளேடைத் தேடி எழுந்திருக்கவில்லை. அன்று ஆபீசுக்குப் போகவில்லை. அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. தொட்டி வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில், நிலைப்படியிலேயே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எங்கள் வீட்டில் மௌனம் புதிதில்லை. ஆனால் இத்தனை நாளும் அவளுடையது தனி, என்னுடையது தனி. அன்றைக்குத்தான் இருவருக்கும் ஒரே மௌனம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வெட்டினேன். பச்சைக் கிளை அடியிலிருந்து கிளம்பியது, அதனால் அழுகல் முதலில் அதில்தான் ஏறியிருந்தது. வெட்டிய இடத்தில் பழுப்பு வளையம். இன்னும் மேலே வெட்டினேன், அங்கேயும் வளையம். ஒவ்வொரு கிளையாகப் போயிற்று. கடைசியில் ஓரம் வெளுத்த சின்னக் கிளை ஒன்று மட்டும் உள்ளே சுத்தமாக இருந்தது. என் கையளவுகூட இல்லை.

மணிமொழி அண்ணனிடம் கேட்டுவந்து சொன்னாள்: "ஒடனே நடக்கூடாதாம். நெழல்ல போட்டு, வெட்டின எடம் காயணுமாம். அப்புறம் மணல் ஜாஸ்தி, மண்ணு கம்மி. தண்ணி மட்டும் ஊத்தவே கூடாதாம்ணா. ஊத்தினா அன்னிக்கே பூடும்."

ஞாயிற்றுக்கிழமை குசுமாவதியின் தம்பி சாந்திகுமார் வந்தான். நிலக்கடலை மூட்டைபோல் கனமான ஆள், வாயும் அப்படியே. கிளை ஜன்னலடியில் பேப்பர் மேல் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினான்.

"அக்கா வரலையாம். நீங்க என்னா சொல்றீங்க மாமா?"

"அந்தக் கிளை வேர் விடட்டும்."

"எந்தக் கிளை?"

காட்டினேன்.

"இன்னா மாமா இது? அங்க ஊரே உங்க பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்குது. நீங்க கீரத்தண்டைக் காட்டறீங்க!"

"கீரத்தண்டு இல்லடா," என்றாள் குசுமாவதி. அவள் வாயோரம் லேசாக அசைந்தது.

"சரி, வேர் விட்டா?"

"விட்டா, அவ போகட்டும்." நான் யோசித்து வைத்திருந்த பதில் இல்லை அது. வாயிலிருந்து வெளியே விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

குசுமாவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தம்பியிடம் சொன்னாள். "அது அழுகினது என்னால. அது பொழைச்சா நான் வரேன். பொழைக்கலைன்னா இங்கயே இருந்துடறேன். ஆனா நான் அதைத் தொட மாட்டேன், இவரே பாத்துக்கட்டும்."

சாந்திகுமார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இத்தினி வருஷம் குடும்பம் பண்ணிட்டு, கடைசியில பஞ்சாயத்து ஒரு குச்சிகிட்ட," என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

கிளையை மணலில் நட்டேன். அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவுமில்லை. செய்யாமல் இருப்பதுதான் வேலை. ஜன்னலடி நிழலில் அது நின்றது. ஒவ்வொரு நாளும் இலைகள் கொஞ்சம் சுருங்கின. உள்ளே வைத்திருந்த தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டிருந்தது. வேர் விடுகிறதா, சாகிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு மாலை, வெயில் இறங்கும் நேரம். குசுமாவதி உள் அறையில் மெல்லிய குரலில் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடிப்பதற்காகச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தேன். நின்றேன். சொம்பு நிறையத் தண்ணீர். அதைச் சாய்த்தால் போதும். வாடிப்போன செடியைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

அவள் இருப்பாள். காலையில் ஈரக் கையோடு வருவாள். அருகில் நடமாடுவாள், சமைப்பாள், தண்ணீரை வடிகட்டுவாள். ஆனால் அவள் இருப்பது எனக்காக இருக்காது. ஒரு செடி அழுகியதற்காக இருக்கும். ஜன்னலை நோக்கிக் கழுத்து நீட்டி வளர்ந்த அந்த ஐப்பசி மாதத்துத் தண்டு ஞாபகம் வந்தது. அது சாகவில்லைதான்.

சொம்புத் தண்ணீரை நானே குடித்தேன். உள்ளே தோத்திரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஆவணி பிறந்து சில நாளில் இலைகளில் சுருக்கம் நின்றது. பிறகு மெதுவாக உப்பத் தொடங்கின. தண்டைப் பிடித்து மிக லேசாக இழுத்தேன். கீழே எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது. நுனியில் கடுகைவிடச் சிறிதாகப் புது இலை இரண்டு, கைகூப்பியதுபோல். அன்று முதல் முறையாக அதை வெளியே எடுத்து வைத்தேன். இளவெயில். அவளைக் கூப்பிட்டேன்.

வந்து குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஓரம் வெள்ளையாத்தான் வருது," என்றாள்.

"ஆமா."

"தண்ணி ஊத்தலியே நீங்க?"

"இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த மாலையை அவள் அறிவாளோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நான் செருப்பைத் தேடும் நேரத்தில் வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊர்க் கோயில் பந்தலில் தீட்சை நடந்தது. நல்ல கூட்டம். மாதாஜி என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் எழுந்து "சம்மதம்" என்றேன். யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. சாந்திகுமார் பின்னாலிருந்து முதுகைத் தொட்டான். "மைக்குல சொல்லுங்க மாமா." ஒரு வருஷமாக ஒரு தடவைகூடச் சொல்ல முடியாததை இரண்டாவது தடவையும் சொன்னேன். அது பந்தல் முழுக்கக் கேட்டு, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. த்ரிசலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குசுமாவதி தீட்சை முறைப்படி தன் தலைமுடியைத் தானே கொத்துக் கொத்தாகப் பறித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. புதுப் பெயர் ஒன்று வைத்தார்கள். அந்தப் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செடிக்கு இரண்டு பேர் வேலையையும் நானே செய்ய வேண்டும் என்பது உறைத்தது. வெளியே வைப்பேன். செருப்பைத் தேடுவேன். பிறகு நானே தூக்கி உள்ளே வைப்பேன். சில நாள் மறந்து ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். வடிகட்டும் துணியை மணிமொழி வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவள் தன் புருஷனோடு சண்டை போட்டுக் கிணற்றுப் பலகையில் ஒரு ஓரத்தை உடைத்து வழி விட்டிருந்தாள். "அக்கா கேட்டிருந்தா அன்னிக்கே ஒடைச்சிருப்பேன்," என்பாள் ஒவ்வொரு முறையும்.

நான் ரிட்டயராகி இரண்டு வருஷம் கழித்து, தை மாதத்தில், செங்கம் பக்கமிருந்து மாதாஜிகள் கூட்டம் ஒன்று நடந்து வருவதாகச் சாந்திகுமார் போன் செய்தான். த்ரிசலா முதல் நாளே சென்னையிலிருந்து வந்துவிட்டாள். காலையில் ரோட்டில் போய்க் காத்திருந்து, பெரிய மாதாஜியிடம் கெஞ்சி, அவர்களைச் சந்துக்குள் கூட்டிவந்தாள். வேப்பமர நிழலில் நின்றார்கள். எல்லாம் வெள்ளைச் சேலை, மழித்ததுபோல் தலை, கையில் மயிற்பீலி. மூன்றாவதாக வந்து நின்றவளை எனக்கு நடையில்தான் தெரிந்தது. மெலிந்து, கறுத்து, நிமிர்ந்திருந்தாள். பாதங்கள் வெடித்திருந்தன.

விழுந்து கும்பிட்டோம். பீலியை உயர்த்தி எல்லாருக்கும்போல் எங்களுக்கும் ஆசி சொன்னார்கள். த்ரிசலா விசும்பிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதாஜி எங்களைத் தனியாகப் பார்க்கவில்லை. அவர்களுக்கு என் வீடு எந்த வீட்டையும் போல ஒரு வீடு. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொட்டி வாசற்படியில் இருந்தது. அவசரத்தில் நான் அதை மறந்துபோயிருந்தேன். இப்போது அது முழங்கால் உயரம். பாலாடை ஓரங்களில் ரோஜாக் கோடு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாதாஜியின் பார்வை அதில் விழுந்தது. விலகிப் போகப் பார்த்தது. மறுபடி வந்து நின்றது.

"வெயில் ஏறிடுச்சி," என்றார் செடியைப் பார்த்து.

நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னலடியில் வைத்தேன். இலைகள் ஜன்னல் பக்கம் இருக்கும்படி அதை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, அவர்கள் சந்து முனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.